ஸ்பென்சர் டிராப்பிஸ்ட் பீர்: எட்டே வருடத்தில் ஏன் மூடினார்கள்?

பார்லிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் வேறொரு இழையில் அமெரிக்காவில் டிராப்பிஸ்ட் பீர் கிடைக்குமா என்று ஒருவர் கேட்க, யாரோ "ஸ்பென்சர் வாங்கிப் பாருங்கள்" என்று பதில் போட்டிருந்தார்கள். அந்த ஆலையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன நண்பர்களே. அங்கே பேசினால் கேட்டவருடைய கேள்வி காணாமல் போய்விடும் என்பதால் தனி இழை.

தெரியாதவர்களுக்கு: மாசசூசெட்ஸில் ஸ்பென்சர் என்று ஒரு சின்ன ஊர், நான் இருக்கும் வூஸ்டருக்கு மேற்கே அரை மணி நேரக் கார்ப் பயணம் (எழுதுவது வொர்செஸ்டர், சொல்வது வூஸ்டர், எனக்கே பழக ஒரு வருடம் ஆனது). அங்கே குன்றின் மேல் செயின்ட் ஜோசப் மடம். அங்கே இருப்பவர்கள் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்க சபையின் துறவிகள். விடியற்காலை மூன்றரை மணிக்கே முதல் ஜெபத்துக்கு எழுந்துவிடுவார்கள், நாளுக்கு ஏழு தடவை கோவிலில் கூடுவார்கள், மிச்ச நேரத்தில் கையால் வேலை செய்து பிழைக்க வேண்டும். நன்கொடையை நம்பி உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம் இல்லை.

இந்தத் துறவிகள் 1950க்கு முன் ரோட் ஐலண்டில், கம்பர்லண்ட் என்ற இடத்தில் இருந்தார்கள். அந்த வருடம் மார்ச்சில் மடம் தீப்பிடித்து எரிந்துவிட, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ஸ்பென்சர் பால்பண்ணை நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1954ல் ஒரு துறவி தோட்டத்துப் புதினாவில் ஜெல்லி செய்து பார்க்க, மிஞ்சியதை வாசலில் விற்க, அதுவே பெருகி டிராப்பிஸ்ட் ப்ரிசர்வ்ஸ் என்ற ஜாம் தொழில் ஆனது. அறுபது வருடம் மடத்துக்குச் சோறு போட்டது அந்த ஜாம்தான்.

ஆனால் துறவிகளுக்கு வயதாகிறது, மருத்துவச் செலவு ஏறுகிறது, கல் கட்டடங்களைப் பராமரிக்க வேண்டும். ஜாம் மட்டும் போதாது என்று 2010 வாக்கில் பெல்ஜியம் போய் அங்கிருக்கும் சகோதர மடங்களின் பீர் ஆலைகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மடத்தில் கூடிப் பேசி, ஓட்டெடுத்து, வங்கியில் கடன் வாங்கி, பல மில்லியன் டாலரில் புத்தம்புது ஆலை கட்டினார்கள். 2013 டிசம்பரில் மடத்துத் தயாரிப்பு என்று காட்டும் அறுகோண டிராப்பிஸ்ட் முத்திரை கிடைத்தது, 2014 ஜனவரியில் பீர் கடைக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அந்த முத்திரை வாங்கிய முதல் பீர்.

2022 மே மாதம் மூடிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கலந்து பேசியபின், பீர் தங்களுக்குக் கட்டுப்படியாகும் தொழில் இல்லை என்று வருத்தத்தோடு முடிவெடுத்ததாக ஃபேஸ்புக்கில் ஒரு சின்ன அறிவிப்பு. அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்டுபவர்கள் திட்டலாம். பீர் மோசம் என்பதால் இது மூடவில்லை. மடத்தின் நடைக்கு ஏற்ற அளவில் ஆலை கட்டாமல், கடனைக் கட்டுவதற்கு ஏற்ற அளவில் ஆலை கட்டினார்கள். அங்கேயே முடிந்துவிட்டது.

---

கொங்கு_குசும்பன்

சாமியார்கள் பீர் காய்ச்சி நஷ்டப்பட்ட முதல் கதையை இன்றுதான் கேட்கிறேன். எங்கள் ஊரில் அரசாங்கமே கடை திறந்து உட்கார்ந்திருக்கிறது, ஒரு நாளும் கட்டுப்படியாகவில்லை என்று சொன்னதில்லை.

---

எதிர்க்கேள்வி

@பார்லிக்காரன், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கடன் வாங்காமல் யார் ஆலை கட்டுகிறார்கள்? பெல்ஜியத்தின் சிமே வருடத்துக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் காய்ச்சுகிறது. அதுவும் மடத்து பீர்தான், அதே முத்திரைதான். பெரிய ஆலை என்பதே தப்பு என்றால் சிமே எப்போதோ மூடியிருக்க வேண்டும். இது சாதாரண வியாபாரத் தோல்வி. சந்தையைப் படிக்காமல் இறங்கினார்கள். துறவிகள் என்பதால் நாம் இரக்கப்பட்டு வேறு காரணம் தேடுகிறோம்.

---

வீட்டில்_காய்ச்சுபவன்

நான் அந்த பீரை நிறையக் குடித்திருக்கிறேன், அதனால் சரக்கைப் பற்றிக் கொஞ்சம்.

முதலில் வந்த ஸ்பென்சர் டிராப்பிஸ்ட் ஏல் 6.5 சதவீதம். பொன்னிறம், லேசாகக் கலங்கல், வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மாதிரி ஈஸ்ட் வாசனை, முடிவில் வறண்டு நிற்கும். பெல்ஜிய மடங்களில் துறவிகள் தங்கள் சாப்பாட்டு மேசைக்கென்று காய்ச்சிக்கொள்ளும் பீர் ஒன்று உண்டு, வெளியே அதிகம் வராது. அதை மனதில் வைத்துச் செய்தது. சாப்பாட்டோடு குடிக்க அருமை. ஆனால் டிராப்பிஸ்ட் என்றதும் அமெரிக்கக்காரன் எதிர்பார்ப்பது என்ன? பெல்ஜிய மடத்து பீர்களான வெஸ்ட்மாலே டிரிப்பல் மாதிரி 9.5 சதவீதம், சிமே நீலம் மாதிரி 9, வெஸ்ட்வ்ளேட்டரன் 12 என்றால் பத்துக்கு மேல். கறுப்பாக, கனமாக, பாதாள அறையில் பத்து வருடம் வைக்கலாம் என்று பெருமை பேசும்படி ஒன்று. இவர்கள் கொடுத்தது அமைதியான ஒரு வெளிர் பீர், அதுவும் நாலு பாட்டில் அட்டைப்பெட்டியில், பக்கத்து ஊர்க்காரனின் ஆறு பாட்டில் பெட்டியைவிட அதிக விலைக்கு.

அடுத்தது காலம். 2013ல் அமெரிக்கா முழுக்க 3,000 பக்கம் பீர் ஆலைகள். 2021ல் 9,000ஐத் தாண்டிவிட்டது. அதே சமயம் நியூ இங்கிலாந்து ஐபிஏ என்று ஹாப்ஸ் பூவின் மணம் தூக்கலாக, மாம்பழச்சாறு போல ஒரு பீர் வந்து எல்லார் நாக்கையும் மாற்றிவிட்டது. அது பிறந்ததே இந்த வட்டாரத்தில்தான், வெர்மான்டும் மாசசூசெட்ஸும் அதன் தாய்வீடு. ஹாப்ஸ் மழை பெய்யும் ஊரில் இவர்கள் ஈஸ்ட் வாசனையை விற்க வந்தார்கள். நல்ல சரக்கு, தப்பான ஊர், தப்பான வருடம். என் கணிப்பு இவ்வளவுதான்.

---

பார்லிக்காரன்

@வீட்டில்_காய்ச்சுபவன் சுவை பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். இவர்கள் ஒரே பீரோடு பிடிவாதமாக உட்கார்ந்திருக்கவில்லை. கிறிஸ்துமஸ் பீர், இம்பீரியல் ஸ்டவுட், பில்ஸ்னர், பூசணிக்காய் பீர்கூட வந்தது, டின்னிலும் அடைத்தார்கள். ஐபிஏவும் போட்டார்கள்! உலகத்தில் டிராப்பிஸ்ட் முத்திரையோடு ஐபிஏ என்றால் அநேகமாக அதுதான் முதல். நான் வாங்கிக் குடித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அதே அலமாரியில் பக்கத்தில் இருந்த நாற்பது ஐபிஏக்களில் இது நாற்பத்தொன்றாவது. துறவிகள் கையில் இருந்த ஒரே பலம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைச் செய்வது. கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது எல்லாரும் செய்வதையே செய்ய வேண்டி வந்தது.

@எதிர்க்கேள்வி சிமே 1862லிருந்து காய்ச்சுகிறது ஐயா. நூற்றைம்பது வருடத்தில் மெல்ல வளர்ந்ததையும், எடுத்த எடுப்பில் கட்டியதையும் ஒரே தராசில் வைக்கலாமா? ஸ்பென்சரில் திட்டம் முதல் ஆண்டு 4,000 பேரல், ஏறி ஏறி 10,000 பேரலோடு நிறுத்திக்கொள்வது. அமெரிக்க பேரல் 117 லிட்டர், ஆக உச்சம் பதினொன்றரை லட்சம் லிட்டருக்கு மேல். வெஸ்ட்வ்ளேட்டரன் உலகப் புகழோடு இருந்தும் அதில் பாதி அளவுதான் காய்ச்சுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

---

கெண்ட்_நகரத்துக்காரி

வெஸ்ட்வ்ளேட்டரன் பேச்சு வந்ததால் நானும் உள்ளே வருகிறேன். பெல்ஜியத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன், என் வீட்டிலிருந்து அந்த மடம் ஒரு மணி நேரம். நான் பீர் குடிப்பதில்லை, வீட்டுக்காரருக்காக வண்டி ஓட்டிக்கொண்டு போவதோடு சரி.

முதல் தடவை போனபோது ஏமாற்றமாக இருந்தது. சுற்றிலும் ஹாப்ஸ் தோட்டம், ஒரு சுவர், ஒரு கதவு. பெயர்ப்பலகையைத் தேட வேண்டியிருந்தது. பாட்டிலில் அப்போது லேபிள்கூடக் கிடையாது, மூடியின் நிறத்தை வைத்துத்தான் எது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் தொலைபேசியில் முன்பதிவு, எப்போது அடித்தாலும் லைன் கிடைக்காது, கார் நம்பரைக் கொடுத்தால்தான் பெட்டி. இப்போது இணையத்தில் பதிவு. 2005ல் உலகத்திலேயே சிறந்த பீர் என்று ஓர் இணையதளம் பட்டம் கொடுத்தபோது கூட்டம் வந்து மொய்த்ததாம். அவர்கள் ஒரு கொப்பரை கூடுதலாகக் காய்ச்சவில்லை. 2012ல் மடத்துக் கட்டடத்தைத் திருப்பிக் கட்டப் பணம் வேண்டியிருந்தது, அந்தத் தடவை வெளிநாட்டுக்கும் பெட்டி அனுப்பினார்கள், அமெரிக்காவுக்கும்தான். வேலை முடிந்தது, நிறுத்திவிட்டார்கள்.

இதைப் பார்த்த கண்ணால் ஸ்பென்சரைப் பார்த்தால் பார்லிக்காரன் சொல்வது எனக்குப் புரிகிறது. இங்கே எவ்வளவு தேவையோ அவ்வளவு காய்ச்சி விற்கிறார்கள். அங்கே எவ்வளவு கட்ட வேண்டுமோ அவ்வளவு விற்றாக வேண்டியிருந்தது.

ஆனால் பெல்ஜியத்தில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ஆஹெல் மடத்துக் கதை தெரியுமா யாருக்காவது?

---

எதிர்க்கேள்வி

தெரியாது, சொல்லுங்கள் மேடம். அதற்குள் ஒரு கேள்வி: நெதர்லாந்தில் லா ட்ராப் என்ற மடத்து பீர் இல்லையா? 1999ல் அவர்கள் பவாரியா என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ஆலையை ஒப்படைத்தார்கள், முத்திரை போனது, அப்புறம் ஏற்பாட்டை மாற்றி 2005ல் முத்திரையைத் திரும்ப வாங்கினார்கள். இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. ஆக, தொழில் தெரிந்தவனிடம் தொழிலைக் கொடுத்தால் மடமும் பிழைக்கும் என்பதற்கு உதாரணம் கண்முன்னே இருக்கிறது. ஸ்பென்சர் அதைச் செய்யவில்லை.

---

கெண்ட்_நகரத்துக்காரி

சொல்கிறேன். ஆஹெல் பெல்ஜியம் நெதர்லாந்து எல்லையிலேயே இருக்கிறது, மடத்து வளாகத்துக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடுகிறது. முதல் உலகப்போரில் ஜெர்மன் ராணுவம் செம்புக்காக அந்த ஆலையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. கிட்டத்தட்ட எண்பது வருடம் பீரே இல்லை. 1998ல் மறுபடி தொடங்கினார்கள், நன்றாகப் போனது, உணவகத்தில் சைக்கிள்காரர்கள் கூட்டம் அலைமோதும். பீருக்கு ஒரு குறையும் இல்லை, குறைந்தது துறவிகள். கடைசியாக இருந்த ஓரிருவரும் வேறு மடத்துக்குப் போய்விட, 2021ல் முத்திரை போய்விட்டது. அதே ஆலை, அதே பீர். உள்ளே ஜெபம் சொல்ல ஆள் இல்லாததால் அந்த முத்திரை மட்டும் இல்லை. 2023ல் ஒரு தொழிலதிபர் மொத்த இடத்தையும் வாங்கிவிட்டார்.

ஆஸ்திரியாவின் எங்கல்ஸெல் இன்னும் மோசம். 2012ல் ஆர்வமாகத் தொடங்கினார்கள், 2023ல் மடத்தையே மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்பென்சரில் நேர்மாறு இல்லையா? ஆலை போனது, மடம் இருக்கிறது. எனக்கென்னவோ இதில் ஸ்பென்சர்தான் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

---

காவிரிக்கரை_அருள்

வணக்கம். குளித்தலை பக்கத்துக்காரன், கத்தோலிக்கன், பீர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மடம் பற்றி ஓரளவு தெரியும். எதிர்க்கேள்வி சார் வியாபாரக் கணக்கையே பிடித்துக்கொண்டு நிற்பதால் எழுதுகிறேன்.

டிராப்பிஸ்ட் துறவிகள் நடப்பது புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) ஆறாம் நூற்றாண்டில் எழுதி வைத்த ஒழுங்கின்படி. அதில் 48ஆம் அதிகாரத்தில் தங்கள் கை உழைப்பால் வாழும்போதுதான் அவர்கள் உண்மையான துறவிகள் என்று வருகிறது. 40ஆம் அதிகாரத்தில் துறவிகளுக்குத் திராட்சை மது ஆகாது என்று சொல்லி, இந்தக் காலத்தில் அதை அவர்கள் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது, அதனால் அளவோடு குடிக்கட்டும் என்று ஒரு பெருமூச்சோடு விட்டுவிடுகிறார். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆக மது அங்கே பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. வேலைதான் விஷயம். வேலை ஜெபத்தை விழுங்கினால் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். அந்த அறுகோண முத்திரைக்கும் நிபந்தனை அதுதான்: மடத்துச் சுவருக்குள்ளோ அதை ஒட்டியோ தயாராக வேண்டும், துறவிகள் மேற்பார்வை வேண்டும், வியாபாரம் மட வாழ்க்கைக்கு அடுத்தபடியாகத்தான் இருக்க வேண்டும், வரும்படி அவர்கள் பிழைப்புக்குப் போக மிச்சம் தருமத்துக்கு.

இன்னொரு செய்தி, சிமே என்று எழுதுகிறீர்களே, அந்த பீர் காய்ச்சும் ஸ்கூர்மோன் மடத்திலிருந்து பிரான்சிஸ் மஹியு என்று ஒரு பெல்ஜியத் துறவி இந்தியா வந்தார். பிற்காலத்தில் பிரான்சிஸ் ஆச்சார்யா. 1958ல் கேரளத்தில் வாகமண் மலைமேல் குரிசுமலை ஆசிரமத்தை பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியோடு சேர்ந்து தொடங்கினார். பீட் கிரிஃபித்ஸ் 1968ல் எங்கள் ஊர்ப்பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்துக்கு வந்துவிட்டார், காவிரிக்கரை, நான் சின்ன வயதில் சைக்கிளில் போய்ப் பார்த்த இடம். குரிசுமலை 1998ல் டிராப்பிஸ்ட் சபையிலேயே சேர்ந்துகொண்டது. சரி, பீர் மடத்திலிருந்து வந்தவர் வாகமணில் என்ன செய்தார்? மாடு வளர்த்தார். மொட்டைக் குன்றில் புல் போட்டு, கலப்பின மாடு கட்டி, பால் பண்ணை. சுற்றுவட்டார விவசாயிகளும் அதைப் பார்த்து மாடு கட்டினார்கள். காவி உடுத்தி, தரையில் உட்கார்ந்து ஜெபம். அந்த மண்ணுக்கு எது பொருந்துமோ அது.

---

கொங்கு_குசும்பன்

அருள் அண்ணா, நல்லவேளை மாட்டோடு நின்றார். பெல்ஜியம் பழக்கத்தில் வாகமணில் கொப்பரை வைத்திருந்தால் லைசென்ஸ் வாங்குவதற்கே மூன்று தலைமுறைத் துறவிகள் தேவைப்பட்டிருப்பார்கள்.

---

சரக்கு_லாரி

நான் கனெக்டிகட்டில் பானங்கள் மொத்த விநியோகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தவன். பெயர் வேண்டாம். இதுவரை யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அமெரிக்காவில் பீர் எப்படிக் கடைக்குப் போகிறது என்பது.

இங்கே மூன்று படி. காய்ச்சுபவன், மொத்த விநியோகஸ்தன், கடைக்காரன். சில மாநிலங்களில் சின்ன ஆலைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் மாநிலம் தாண்டினால் பெரும்பாலும் விநியோகஸ்தன் இல்லாமல் வேலை ஆகாது. விநியோகஸ்தன் பையில் நூற்றுக்கணக்கான சரக்கு. எந்தச் சரக்குக்கு ஆள் வந்து கடை கடையாக ஏறி இறங்கி, ருசி பார்க்கக் கொடுத்து, மாதம் ஒரு புதுப் படம் போட்ட டின்னோடு நிற்கிறானோ அந்தச் சரக்குதான் நகரும். துறவி கடை கடையாக ஏற முடியுமா? மத்தியான ஜெபத்துக்கு மணி அடித்தால் அவர் கோவிலில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. சின்ன ஆலைகள் இந்த நாட்டில் எப்படிப் பிழைக்கின்றன? தன் ஆலையிலேயே பார் போட்டு, குழாயைத் திறந்து நேரடியாக ஊற்றி. இடையில் இரண்டு பேருக்குப் பங்கு கொடுக்க வேண்டாம், ஒரே கிளாஸில் பல மடங்கு கிடைக்கும். அதற்கு வாசலில் சாப்பாட்டு வண்டி, ஞாயிறு மத்தியானம் கிடார், நாய்க்குட்டி, குழந்தைகள், ஒரே இரைச்சல். பேச்சைக் குறைத்து வாழ வந்தவர்கள் வீட்டு வாசலில் அதை வளர்க்க முடியாது. லாபம் அதிகம் வரும் வழி அவர்களுக்குச் சுருங்கிவிட்டது, லாபம் குறைவான வழியில் போட்டி அதிகம். 2020ல் கொரோனா வந்து பார்களும் உணவகங்களும் மூடியதும் பீப்பாயில் போகும் சரக்கும் நின்றது, அது எல்லா ஆலைக்கும் விழுந்த அடி. கையில் இருப்பு இருந்தவன் தாங்கினான்.

எதிர்க்கேள்வி அவர்களுக்கு: லா ட்ராப் உதாரணம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அங்கே துணைக்கு வந்த நிறுவனம் அந்த நாட்டிலேயே பெரிய ஆலை வைத்திருந்தவன், வலை ஏற்கெனவே விரித்திருந்தது. ஸ்பென்சரில் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

---

எதிர்க்கேள்வி

சரி, விநியோகம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அது எனக்குத் தெரியாத விஷயம். ஆனால் அதே விநியோகம், அதே கடை, அதே துறவிகள். ஜாம் மட்டும் எப்படி அறுபது வருடம் விற்றது?

---

பார்லிக்காரன்

நல்ல கேள்வி, நானே இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

ஜாம் கெடாது. சர்க்கரையும் பழமும் கொதிக்கவைத்து பாட்டிலில் மூடினால் வருடக்கணக்கில் அலமாரியில் இருக்கும், குளிர்ச்சி வேண்டாம், தேதி பார்த்து யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பாதி நாள் கொதிக்கவைத்துவிட்டு மீதி நாளை விட்டுவிடலாம், கொப்பரை உங்களிடம் ஒன்றும் கேட்காது. பீர் அப்படியா? ஈஸ்ட் உயிருள்ள ஜந்து, அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, புனித வெள்ளியும் கிடையாது. பெரிய தொட்டியில் கொஞ்சமாகக் காய்ச்சவும் முடியாது. காலியாக நிற்கும் தொட்டிக்கும் தவணை கட்ட வேண்டும். பீர் பாட்டில் ஒவ்வொரு மாதமும் பழசாகிறது, அதிலும் ஹாப்ஸ் போட்டது இன்னும் வேகமாக.

முக்கியமாக, ஜாம் வாங்குகிறவர் புதுசு தேடுவதில்லை. என் வீட்டுக்காரி பத்து வருடமாக ஒரே ஆரஞ்சு மார்மலேட்தான் வாங்குகிறாள், புதுப் படம் போட்ட மூடி வந்தால் சந்தேகமாகப் பார்ப்பாள். ஸ்பென்சர் தொடங்கிய காலத்து பீர் வாடிக்கையாளன் ஒரே பீரை இரண்டு தடவை வாங்கினாலே அதிசயம். குடித்ததும் கைபேசிச் செயலியில் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், ஒளிக்கவில்லை. "டிராப்பிஸ்ட் பார்த்தாச்சு" என்று குறித்துவிட்டு ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. மூடுகிறார்கள் என்ற செய்தி வந்த வாரம் ஓடிப்போய் வாங்கினேன். கடைக்காரர், "முன்னாலேயே இப்படி வந்திருக்கலாமே" என்றார். பதில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

---

வீட்டில்_காய்ச்சுபவன்

அமெரிக்காவில் மடத்து பீர் நிற்பது இது முதல் தடவையும் இல்லை. பென்சில்வேனியாவில் லட்ரோப் ஊரில் செயின்ட் வின்சென்ட் என்று ஒரு மடம், ஆசீர்வாதப்பர் சபை, பவேரியாவிலிருந்து வந்த துறவிகள் 1846ல் தொடங்கியது. அவர்களும் காய்ச்சினார்கள். பவேரியாக்காரன் பீர் இல்லாமல் சாப்பிட மாட்டான், ஐரிஷ் ஆயருக்கோ மதுவிலக்கு மேல் பற்று, விவகாரம் ரோம் வரை போய் போப் ஒன்பதாம் பயஸ் தலையிட வேண்டி வந்தது. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது மதுவிலக்குக்காரர்களின் கூச்சல் தாங்க முடியாமல் ஆலை நின்றுபோனது. அங்கே குடிக்கக் கூடாது என்று ஊர் நெருக்கியது. ஸ்பென்சரில் எல்லாரும் குடித்தார்கள், இவர்களுடையதை மட்டும் குடிக்கவில்லை.

@கெண்ட்_நகரத்துக்காரி உங்கள் கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆலை போய் மடம் இருக்கிறது என்றால் ஆலை எதற்காகக் கட்டினார்களோ அந்தப் பணத்தேவை அப்படியே இருக்கிறதே? வயதானவர்கள் இன்னும் வயதாகிவிட்டார்கள். போட்ட முதல் போய்விட்டது. பரவாயில்லை என்று நாம் சொல்லிவிடலாம், அவர்கள் சொல்ல முடியாது.

---

கெண்ட்_நகரத்துக்காரி

அது உண்மைதான். நான் கொஞ்சம் சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

---

காவிரிக்கரை_அருள்

ஆனால் ஒன்று பாருங்கள். பல மில்லியன் போட்ட ஒன்றை எட்டு வருடத்தில் "இது நமக்கு ஆகவில்லை" என்று சொல்லி நிறுத்துவதும் எல்லாருக்கும் வராது. எங்கள் பக்கத்தில் நஷ்டத்தில் ஓடும் எத்தனை நிறுவனங்களை, திறந்து வைத்தவர் கௌரவத்துக்காகவே இழுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் சொன்னால் சண்டை வரும்.

---

எதிர்க்கேள்வி

என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன், முழுதாக விடவில்லை. சந்தையைப் படிக்கவில்லை என்றேன். 2010ல் நின்று பார்த்தால் படித்தவன்கூட இதைத்தான் செய்திருப்பான்: சின்ன ஆலைகளின் கிராஃப்ட் பீர் ஏறுமுகம், அமெரிக்காவில் டிராப்பிஸ்ட் ஆலையே இல்லை, ஐரோப்பியச் சகோதரர்கள் வெற்றிகரமாக நடத்துகிறார்கள், பெல்ஜியத்தில் கேட்டபோதும் தொழில் தெரிந்த எஞ்சினியரை வையுங்கள், அரைகுறையாக இல்லாமல் நவீனமாகக் கட்டுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆலோசனை தப்பும் இல்லை. ஆனால் பெல்ஜியத்தில் அந்த ஆலோசனையைச் சொன்னவர்களுக்குப் பின்னால் நூறு வருடப் பெயர் நின்றது, அதை மூட்டை கட்டி அனுப்ப முடியாது. இந்த இடத்தில் பார்லிக்காரன் சொன்ன "அளவு" எனக்குப் புரிகிறது. சின்னதாக ஒரு ஆலை, மடத்து வாசலில் மட்டும் விற்பனை, பத்து வருடம் பொறுத்து அடுத்த தொட்டி என்று போயிருக்கலாமோ?

---

சரக்கு_லாரி

போயிருக்கலாம். ஆனால் அறுபது எழுபது வயதில் இருக்கும் துறவிகளிடம் பத்து வருடம் பொறுங்கள் என்று யார் சொல்வது?

---

பார்லிக்காரன்

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு தகவலோடு என் பங்கை நிறுத்திக்கொள்கிறேன். போன இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் போனபோது மடத்தில் நிறுத்தினேன். மாலை ஜெபத்துக்கு வெளியாட்களுக்கும் இடம் உண்டு, பின்பக்கம் நின்று கேட்கலாம். ஆலைக் கட்டடம் தள்ளி இருக்கிறது, அங்கே போகவில்லை. வாசல் கடையில் ஜாம் அடுக்கியிருந்தார்கள், வீட்டுக்காரிக்கு நாலு மார்மலேட் வாங்கினேன்.

---

கொங்கு_குசும்பன்

பார்லி அண்ணா, அந்த ஜாம் ஆன்லைனில் வருமா? பீருக்குத்தான் தாமதமாகிவிட்டேன்.

---

பார்லிக்காரன்

அமெரிக்காவுக்குள் என்றால் வரும். புதினா ஜெல்லி வாங்கு, தோசைக்கு ஆகாது, ஆட்டுக்கறிக்கு ஆகும்.